கொம்பியூட்டர் நானாவின் முழுப் பிரதி

கொம்பியூட்டர் நானா கோபக்காரர் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. ஒருநாளும் குரலை உயர்த்தாத, யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக நேராக்கி வைக்கிற மனிதரைப் போய் யார் கோபக்காரர் என்பார்கள்? ஆனால் எனக்குத் தெரியும். கோபத்தைக் கத்தித் தீர்த்துவிடுகிறவர்கள் ஒரு ரகம். அதை ஆறவிடாமல் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறவர்கள் இன்னொரு ரகம். நானா இரண்டாவது ரகம். நானும் அதே ரகம் என்பதால் அவரைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நாள் தேவைப்படவில்லை.

அவர் எருக்கலம்பிட்டிக்காரர். எங்களுடையது அதே மன்னார்த் தீவில் மேற்குப் பக்கமாக உள்ள கத்தோலிக்க ஊர். வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கணினி திருத்துகிறவர் என்பதால் இவர் கொம்பியூட்டர் நானா ஆனார். சொந்தப் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. போன வருடம் நோன்புக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார். மரணச் செய்தி கேட்டு அந்த வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு" என்றார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. கால் மணித்தியாலத்தில் எழும்பி வந்துவிட்டேன்.

முதன்முதலில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் கணினி படுத்த நாளில். அப்போது நான் வீட்டிலிருந்தபடியே வெளிவாரிப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கூடவே கோவில் அறிவித்தல்கள், கலியாண அட்டைகள், மரண நினைவு அட்டைகள் என்று ஊராருக்குத் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். ஒருநாள் திரை முழுக்க நீலமாகிச் செத்துப்போனது. பழைய மோட்டார் சைக்கிளில் கறுப்புப் பையோடு வந்து இறங்கினார் நானா. பைக்குள் ஒரு துவாயில் சுற்றி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், சில பென் டிரைவ்கள், சின்னதாய் ஒரு திருகாணி முடுக்கி. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணினியைத் தொடாமலே கேட்டார்.

"இதுல என்னென்ன இருக்கு தங்கச்சி?"

"பெரிசா ஒண்டும் இல்லை நானா. ஃபோர்மட் அடிச்சு விடுங்கோ, காணும்."

"அழிக்கிறதுக்கு நான் எதுக்கு? அது தானா நடக்கும்" என்றார்.

பிறகு ஒரு பென் டிரைவைச் செருகி அதன் வழியாகக் கணினியை எழுப்பினார். ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊரத் தொடங்கியது. ஒன்றே முக்கால் மணித்தியாலம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா கொடுத்த பிளேன் ரீயை, கோடு பத்து வீதம் நகர ஒரு மிடறாகக் குடித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வேண்டிய கோப்புகளை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"அது சாமானை எடுக்கிறது. இது வீட்டையே எடுக்கிறது" என்றார். "இந்த மெசின் நாளைக்குக் கடல்ல விழுந்தாலும், வேற ஒண்டுல இதை இறக்கினா இண்டைக்கு இருந்த மாதிரியே எழும்பும். நீங்க பாதியில விட்ட கடிதம் அதே பாதியில நிக்கும். ஆனா ஒண்டு. இண்டைக்கு இருந்த மாதிரி மட்டும்தான் எழும்பும். நாளைக்கு நீங்க செய்யப்போறது எதுவும் அதுக்குத் தெரியாது. பழைய பிரதியை இறக்கினா இடையில நடந்ததெல்லாம் இல்லாமப் போயிடும். அதனால இறக்க முதலும் ஒரு பிரதி எடுக்கணும். எதைச் செய்யிறதுக்கும் கை வைக்க முதல் ஒரு முழுப் பிரதி. என்ட தொழில் அவ்வளவுதான்."

கணினி பிழைத்தது. பிரதியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தன் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறதாம். உள்ளே துணிப்பொட்டலத்தில் பச்சரிசி கட்டிப் போட்டிருக்கிறாராம், ஈரம் ஏறாமலிருக்க. எங்கள் தீவின் உப்புக்காற்று கதவுக் கொண்டியையே தின்றுவிடும், ஹார்ட் டிஸ்க் எம்மாத்திரம்? டிஸ்க்கின் மேல் மருந்துப் பிளாஸ்டர் ஒட்டி, ஆட்களின் பெயருக்குப் பதிலாகக் "கிணத்தடி வீடு", "மாதா சிலை ஒழுங்கை" என்று அடையாளம் எழுதுவார். எங்களுடையதில் "முருங்கை மர வீடு" என்று எழுதினார்.

எனக்குத் துணுக்கென்றது. நான் ஒருவருக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம்கூட அதற்குள் இருந்தது.

"இதை ஆராவது திறந்து பாத்தா நானா?"

"பாக்கேலாது. இது அமானிதம். ஒருத்தர் நம்பித் தந்த பொருள். வீட்டுக்காரர் வாயால கேட்டாத்தான் திறக்கலாம். நான் திறந்தாலும் அல்லாஹ்விட்ட பதில் சொல்லணும்."

அதைச் சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனாலும் தீவின் பாதி வீடுகள் அவருடைய பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன என்ற நினைப்பு அவ்வளவு சுகமாக இருக்கவில்லை.

பிறகு அடிக்கடி வந்தார். எங்கள் வீட்டில் ஏனோ அவருக்குக் கதை வரும். ஒருநாள் முருங்கனில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். பிரதி எடுக்க இரண்டு மணித்தியாலமாகும் என்று நானா சொன்னதும் அந்தாள், "எனக்கு உமக்கு முன்னால குந்திக்கொண்டிருக்க நேரமில்லை. அழிச்சிட்டுப் போடும்" என்றாராம். நானா பையைச் சாத்திக்கொண்டு எழும்பி வந்துவிட்டார். ஆலைக்காரர் வேறொருவரைப் பிடித்தார். அவர் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார். சேர்ந்தே மகளின் கலியாணப் படங்களும் போய்விட்டன. இரண்டு மாதம் கழித்துக் கணினி மறுபடி படுத்தது. இம்முறை ஆலைக்காரர் தானே எருக்கலம்பிட்டி வரைக்கும் வந்து கூப்பிட்டார்.

"நான் போனன்" என்றார் நானா. "போய் முதல்ல ஒரு முழுப் பிரதி எடுத்தன்."

"அதுக்குள்ள ஒண்டுமே இல்லையே நானா?"

"ஒண்டும் இல்ல. வெறும் மெசின். அதையே எடுத்தன். ரெண்டு மணித்தியாலம். அவரும் பக்கத்துல குந்திக்கொண்டு இருந்தார்."

சொல்லிவிட்டு ரீயை ஒரு மிடறு குடித்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பழிவாங்குவதில் இப்படி ஒரு அமைதி இருக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இனி எங்கள் ஊர் மீனவர் சங்கச் செயலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முன் கரைவலை முறை என்பது என்ன என்று சொல்லவேண்டும்.

எங்கள் கரையில் கரைவலை வளைத்துக் கரையில் நின்று இழுக்கிற குடும்பங்கள் பதினொன்று. கடற்கரைத் துண்டு ஒன்றுதான். ஆகையால் முறை வைத்து வளைப்பார்கள். இன்றைக்கு ஒரு குடும்பத்தின் வலை, நாளைக்கு அடுத்த குடும்பத்தினது. இந்த வரிசைப் பட்டியல்தான் எங்களுக்கு எல்லாம். பட்டியலில் பெயர் இல்லாதவர் எவ்வளவு பெரிய வலை வைத்திருந்தாலும் அதைக் கொடியில் காயப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தப் பட்டியல் எத்தனையோ முறை தொலைந்திருக்கிறது. சண்டைக் காலத்தில் ஒவ்வொரு முறை இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோதும், பெரியவர்கள் கோவில் முற்றத்தில் கூடியிருந்து ஞாபகத்தில் உள்ளபடி புதிதாக எழுதுவார்கள். யாரும் பிழை பிடிக்கமாட்டார்கள். உயிரோடு வந்ததே பெரிய காரியம் என்றிருந்த காலம். கடைசியாக எழுதிய பட்டியலைச் செயலாளர் தன் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். சங்கத்துக்கென்று கணினி கிடையாது.

அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் செயலாளரைக் குறிப்பிட்டபோது நானா கையிலிருந்த ரீயைக் கீழே வைத்துவிட்டார்.

"வாப்பாவுக்கும் உங்கட கரையில ஒரு முறை இருந்தது" என்றார்.

அது எனக்குப் புதிய செய்தி. அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களான எருக்கலம்பிட்டிச் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றியபோது நானா இளந்தாரி. உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனார்கள். சண்டை முடிந்த பிறகு தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் சங்கத்துக்குப் போயிருக்கிறார். இடையில் எத்தனையோ பட்டியல்கள் ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டுவிட்டன. அவற்றில் எதிலும் தகப்பனுடைய பெயர் இல்லை. அப்போது புதிதாக வந்திருந்த இதே செயலாளர், "ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றாராம்.

"வாப்பாட கையில என்ன இருந்தது? ஒண்டுமில்ல. கையைக் கட்டிக்கொண்டு நிண்டார். இவர் நீலச் சேட்டு போட்டிருந்தார். பொக்கற்றுல ரெண்டு பேனை. ஒண்டுக்கு மூடி இல்ல. சாவிக்கொத்தை விரல்ல சுத்திக்கொண்டே கதைச்சார். வாப்பா அண்டைக்கே புத்தளம் பஸ் ஏறினார். மவுத்தாகும் மட்டும் மன்னார்ப் பேச்சு எடுக்கல்ல."

மூடியில்லாத பேனை வரைக்கும் வைத்திருந்தார். அதே செயலாளரின் வீட்டுக் கணினி பழுதானபோது நானா போய்த் திருத்தியும் கொடுத்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். செயலாளருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பழைய கதையை நானாவும் எடுக்கவில்லை. வழக்கம்போல் முதலில் முழுப் பிரதி எடுத்தார், பிறகு திருத்தினார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா இறந்தபின் எங்கள் முறை அம்மாவின் பெயருக்கு வந்தது. அம்மா இரண்டு பருவம் ஆட்களை வைத்துத் தானே கரையில் நின்று வலையை நடத்தினாள். எங்கள் வீட்டில் சிரிப்பு மறுபடி வந்தது அந்த இரண்டு வருடத்தில்தான். நானா செயலாளரின் கணினியைத் திருத்தியது அதன் தொடக்கத்தில். இரண்டாவது பருவத்தில் செயலாளரின் மனைவி புற்றுநோயில் இறந்துபோனார். நல்ல மனுசி. முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையை நான்தான் செய்து கொடுத்தேன். அதற்குப் படம் தெரிவு செய்ய அவர்கள் வீட்டுக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த அவர்களுடைய மகள் அந்தக் கணினியைத் திறந்து காட்டினாள்.

"ஃபோன் நிறைஞ்சு போச்சுது எண்டு எல்லாத்தையும் இதுக்கு மாத்தினனான் அக்கா. அம்மா செபமாலை சொல்லுறது, எங்களைப் பேசுறது, சும்மா இருந்து வெத்திலை போடுறது, எல்லாம் வீடியோவா இதுக்குள்ள கிடக்கு" என்றாள்.

இதை நான் நன்றாகக் கேட்டேன். மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த பருவம் தொடங்குமுன் செயலாளர் கூட்டம் வைத்தார். தன் கணினியில் வைரஸ் வந்து சங்கத்துக் கோப்புகள் போய்விட்டன என்றார். நல்ல விபரம் தெரிந்த வைரஸ், வேறு ஒன்றையும் தொடாமல் சங்கத்துக் கோப்புகளை மட்டும் தேடித் தின்றிருக்கிறது. "இடப்பெயர்வில போனமாதிரித்தான், திருப்பி எழுதுவம்" என்றார். சனம் தலையாட்டியது. பட்டியல் தொலைவதும் ஞாபகத்திலிருந்து எழுதுவதும் எங்கள் ஊரில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. எழுதி முடித்து வாசித்தபோது அம்மாவின் பெயர் இல்லை. அந்த இடத்தில் செயலாளருடைய மனைவியின் தம்பி இருந்தார்.

அம்மா எழும்பிச் செயலாளரைக் கேட்டாள். "தம்பி, என்ர முறை எங்க?"

"ஞாபகத்தில வந்த பேரைத்தான் எழுதினனாங்கள் அக்கா. ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்கோ."

அம்மாவிடம் ஒரு பை இருந்தது. சண்டைக் காலத்தில் ஓடுவதற்குத் தயாராக எல்லா வீடுகளிலும் வைத்திருந்த பை. காணி உறுதி, ஞானஸ்நானச் சீட்டு, அப்பாவின் மரணச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருக்கும். முறைப் பட்டியலின் பிரதி மட்டும் இல்லை. அதை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து பையை மூன்று தரம் கொட்டிப் பார்த்தாள். பிறகு வலைக் குவியலின்மேல் போய் இருந்துகொண்டு எழும்பவேயில்லை. அன்றைக்கு அந்தாளின் தலையில் இடி விழவேண்டும் என்று நான் மாதாவிடம் கேட்டேன். மாதாவிடம் கேட்கிற காரியமா அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றைக்கும் அவ்வளவாகத் தோன்றவில்லை.

கடற்றொழில் திணைக்களக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நான் பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்குப் போய், செயலாளர் வீட்டுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். நானா பிஸ்கட் டின்னை எடுத்து வந்து முன்னால் வைத்தார், திறக்கவில்லை.

"இருக்கு. உங்கட உம்மாட பேர் அதுல இருக்கும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா அமானிதம்."

"பட்டியலை மட்டும் எடுத்துத் தாங்கோ நானா. ஒரு பென் டிரைவில."

"தந்தா, நேத்து நீங்க டைப் பண்ணினது எண்டுவார். அவருட மெசின்தான் சொல்லணும். அவர்தான் சொல்லச் சொல்லணும்." டின்னைத் தன் பக்கமாக இழுத்து வைத்தார். "கூப்பிட்டா வாறன்" என்றார்.

விசாரணை சங்க மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. அதிகாரி ஒருவர் வந்திருந்தார். செயலாளர் தன் கணினியைத் தானே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காம். இதைப் பார்க்கத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். பின்வரிசையிலிருந்து நானா எழும்பினார்.

"நல்லாப் பாக்கட்டும்" என்றார் செயலாளர். "என்ன வேணுமெண்டாலும் செய்து பாக்கட்டும்."

"என்ன வேணுமெண்டாலும் செய்யலாமா ஐயா?"

"செய்யும் காணும்."

"இதைப் பழைய நாளுக்குக் கொண்டு போகலாமா?"

"எந்த நாளுக்கு வேணுமெண்டாலும் கொண்டுபோம்!"

மண்டபம் சிரித்தது. நானா மூன்றாவது தரமும் கேட்டார். செயலாளர் கையை விரித்து, "நான்தானே சொல்லுறன்" என்றார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

நானா கணினியைப் போட்டார். வயர் பிடிக்கவென்று நான் பக்கத்தில் நின்றேன். திரை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முகப்பில் செயலாளரின் மனைவி. ஆசுபத்திரிக் கட்டிலில், முடியில்லாத தலையில் ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு, கையில் பாதி கடித்த மாம்பழத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். செயலாளர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

நானா துவாயைப் பிரித்தார். ஒரு டிஸ்க்கில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மற்றது வெறும் டிஸ்க். அப்போது அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு மணிக்குத் தான் மன்னார்க் கந்தோரில் நிற்கவேண்டும், பன்னிரண்டரைக்குள் முடியாவிட்டால் அடுத்த மாதம் வைக்கலாம் என்றார். அடுத்த மாதம் என்றால் பருவம் பாதி போய்விடும். செயலாளரின் மைத்துனர் வலையோடு கரையில் நிற்பார். பிறகு அவரை யாராலும் அசைக்கமுடியாது.

நானா வெறும் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இண்டைய நாளையும் எடுத்து வைக்கணும் தங்கச்சி. ஒண்டரை மணித்தியாலம் போகும். எடுக்கவா?"

கடைசி வாங்கில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன்.

"வேண்டாம் நானா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பித் திரையிலிருந்த முகத்தைப் பார்த்தார். வெறும் டிஸ்க்கைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

நேரமில்லாததால்தான் அப்படிச் சொன்னேன் என்று பலகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். அதிகாரியின் காலில் விழுந்தாவது இரண்டு மணித்தியாலம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எங்களிடம் உள்ளதை ஒரு கையசைப்பில் இல்லாமலாக்கிய மனிதன் தன்னிடம் உள்ளது ஒன்று இல்லாமல் போகிறதை ஒருதரம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதை நினைத்தபோது என் நெஞ்சு இனித்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இனித்தது.

பச்சைக் கோடு ஊர்ந்தது. ஆண்கள் வெளியே போய்ப் பீடி குடித்துவிட்டு வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்தபோது எல்லோரும் எழும்பிச் செபம் சொன்னார்கள். நானா மட்டும் உட்கார்ந்தபடி கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினி அணைந்து மறுபடி எழும்பியது. முகப்பில் மடு மாதா படம்.

நானா இன்னும் எதையும் திறக்கவில்லை. அதற்குள் செயலாளர் எழும்பிவிட்டார்.

"இதில இருந்த படம் எங்க?"

"பழைய நாளுக்குத்தானே ஐயா வந்திருக்கிறம்" என்றார் நானா.

செயலாளரின் முகம் கறுத்தது. பட்டியலுக்குப் பயந்துதான் கறுத்தது என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. நானும் அதைத் திருத்தியதில்லை. நானா சங்கத்துக் கோப்பைத் திறந்தார். ஐந்தாவது வரியில் அம்மாவின் பெயர். அதிகாரி உரக்க வாசித்தார். அம்மா எழும்பி, "அது என்ர முறை" என்றாள். இரண்டு மாதமாக உடைந்து கிடந்த அவளுடைய குரல் நேராக வந்தது. சனம் கைதட்டியது. செயலாளர் கைதட்டலின் நடுவில் கதிரையில் இருந்துகொண்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்குளிரப் பார்த்தேன்.

நானா கைதட்டலைக் கவனிக்கவில்லை. பட்டியலை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒருதரம் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். யாருடைய பெயரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் அதில் இருக்க வழியில்லை என்று அவருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு முறை திரும்பக் கிடைத்தது. செயலாளர் பதவியை விட்டுப் போனார். எங்கள் முதல் வலையில் பாரை மீன் விழுந்தது. அம்மா பெரியதாகப் பார்த்து இரண்டை நானா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டார். ஆனால் அதே மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், அவரவர் பிரதியை அவரவரிடமே கொடுத்தார். எங்களுடையதைக் கொண்டுவந்தபோது உள்ளே வரச்சொல்லி எவ்வளவு கேட்டும் வரவில்லை. படலையடியில் நின்றபடியே நீட்டினார்.

"உங்கட வீடு. நீங்களே வச்சிருங்க. என்னால இனி ஏலாது."

"ஏன் நானா, நாங்கள் செய்தது பிழையோ?"

"உங்கட உம்மாவுக்கு முறை கிடைச்சது நல்லது" என்றார்.

விடுமுறைக்குச் செயலாளரின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் சண்டை போடவில்லை.

"அப்பா செய்தது பிழைதான் அக்கா. அம்மா கடைசியில, தம்பியைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு கேட்டவ. அதுக்காகச் செய்தவர். எண்டாலும் பிழைதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மான்ர வீடியோ ஒண்டும் இல்லை. கொழும்புக்கு அனுப்பியும் பாத்தது, அதுக்கு மேல எழுதுப்பட்டுட்டுதாம், எடுக்கேலாதாம். அப்பா சாப்பிடுறாரில்லை. நான் சொன்னனான், பயப்பிடாதேங்கோ, நானா கை வைக்க முதல் முழுப் பிரதி எடுக்காமல் விடவேமாட்டார் எண்டு. ஊரில எல்லாருக்கும் தெரியும்தானே. அண்டைக்கும் எடுத்திருப்பார், என்ன அக்கா? நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கவனிக்கேல்லை. அவரிட்டப் போய்க் கேட்டுப் பாரும்" என்றேன்.

வீட்டுக்கு வழி சொன்னேன். அவள் பத்து மணி பஸ்ஸில் போனாள். நான் அன்றைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. நானா உண்மையைச் சொல்லிவிடுவார், அவள் திரும்பி வந்து என் முகத்தில் காறித் துப்புவாள், துப்பட்டும் என்று இருந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு அவள் வந்தாள். படலையைத் திறந்து உள்ளே வந்து, கேட்காமலே கதிரையில் இருந்துவிட்டாள்.

"எடுக்கேல்லையாம் அக்கா."

"என்ன சொன்னவர்?"

"மறந்து போனன் மகள் எண்டார். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு திருப்பித் திருப்பி அதையே சொன்னார். அழுதிட்டார். எனக்குத்தான் அவரைப் பாக்கப் பாவமாப் போச்சுது." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முந்தியைப் போல இல்லை அக்கா. வயசு போட்டுது, அவருக்கு ஞாபகம் குறைஞ்சிட்டுது போல, என்ன?"

"ஓம்" என்றேன்.